தூணடியில் குடியிருந்தவர்கள்

உங்கள் கையில் என்ன இருக்கிறது என்று மேடம் கேட்ட மதியம்தான் எனக்கு எப்போதும் முதலில் நினைவுக்கு வருகிறது. கரோல் பாக்கில் துணிக்கடைகளுக்கு மேலே ஒரு மாடியில் எங்கள் அலுவலகம். சாப்பாட்டு அறையில் டிபன் பாக்ஸ்களை ஓரமாக ஒதுக்கிவிட்டு மேடம் கதை சொல்ல ஆரம்பித்திருந்தார். இன்னும் பல காலம் கழித்து வரப்போகும் தில்லி. மழை பெய்கிறது. பச்சையும் ஊதாவுமாக விளம்பர விளக்குகள் சாலைத் தண்ணீரில் கரைந்து ஓடுகின்றன. எதிரே, மேகத்துக்குள் போய் மறைந்துவிட்ட ஒரு கம்பெனிக் கட்டடம். நாங்கள் மூன்று பேரும் அதற்குள் திருட்டுத்தனமாக நுழைய வேண்டும். "அச்சா, இப்ப சொல்லுங்க. யார் கையில என்ன இருக்கு?" பீகாரின் பூர்ணியாவிலிருந்து வந்தவர், 'பையா' என்று நாங்கள் இந்தியில் அண்ணன் முறை சொல்லிக் கூப்பிடுகிறவர், தன்னிடம் பெரிய துப்பாக்கி இருப்பதாகச் சொன்னார். ஹரியானாவின் ரோத்தக்கிலிருந்து வந்த பெண், தன் உள்ளங்கையிலிருந்து கத்தி நீளும் என்றாள். என் முறை வந்தது. நான் நிஜமாகவே யோசித்துத்தான் சொன்னேன்: "ரேஷன் கார்டு ஜெராக்ஸ். கூட பாஸ்போர்ட் சைஸ் போட்டோ ரெண்டு."

ரோத்தக்காரி மேசையைத் தட்டிச் சிரித்தாள். "ஏ மதராஸி, நீ கொள்ளையடிக்கப் போறியா, சிம் கார்டு வாங்கப் போறியா?" பையாவுக்குப் புரையேறிவிட்டது. மேடம் மட்டும் சிரிக்கவில்லை. "ஜெராக்ஸ்ல கெசட்டட் ஆபீசர் கையெழுத்து இருக்கா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்ப அஞ்சோ ஆறோ விழுந்தாத்தான் கேட்டுல விடுவான். போடு," என்று லூடோ பகடையை என் பக்கம் தள்ளினார். அன்றைய மதியம் முழுக்க அந்தக் கட்டடத்தின் வாசலில் கேட் பாஸ் வாங்குவதிலேயே போயிற்று. வீட்டு வேலைக்கு வந்திருக்கிறோம், சர்வீஸ் லிஃப்ட் எங்கே என்று கேட்டேன். என் அம்மா பெரிய வீடுகளுக்குள் நுழைவது அப்படித்தான். எனக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். துப்பாக்கி வைத்திருந்த பையாவும் கடைசியில் அதைத் துணியில் சுற்றிக்கொண்டு என் பின்னால் வந்து வரிசையில் நின்றார்.

இப்படி ஒரு விளையாட்டு இருப்பதே எனக்கு அதுவரை தெரியாது. இதில் பலகை கிடையாது, காய் கிடையாது. ஒருவர் ஊரையும் அதில் நடப்பதையும் சொல்லிக்கொண்டு போவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக இருந்துகொண்டு, நான் இதைச் செய்கிறேன், அங்கே போகிறேன் என்பார்கள். நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வந்தால் பகடை உருட்டிப் பார்ப்பார்கள். மேடம் நடத்தியது சைபர்பங்க் வகை. கம்பெனிகள் அரசாங்கத்தைவிடப் பெரிதாகிவிட்ட ஒரு காலம்; மேலே கண்ணாடி மாடிகள், கீழே சேறும் நியான் விளக்கும்; சொந்தக் கைகாலைக் கொடுத்துவிட்டு இயந்திரக் கைகால் பூட்டிக்கொண்ட ஏழைகள். இதற்கு வெளிநாட்டில் தடிதடியாக விதிப் புத்தகங்கள் இருக்கின்றன. மேடமிடமும் ஒன்று இருந்தது. ஆனால் நாங்கள் விளையாடத் தொடங்கிய கொஞ்ச நாளிலேயே அதை வீட்டில் வைத்துவிட்டு வர ஆரம்பித்தார். எங்களுக்கு வேண்டிய விதிகளை நாங்களே செய்துகொண்டோம். தோன்றியதை அவர் ஃபோனில் பேசி அனுப்புவார். மறுநாள் மேசையில் அது சட்டமாகும்.

எங்கள் வேலையே கொஞ்சம் அந்த ஊரைச் சேர்ந்ததுதான். எங்கெங்கோ கேமராக்கள் எடுத்த படங்கள் எங்கள் திரைக்கு வரும். ஒவ்வொரு ஆளையும் வண்டியையும் மாட்டையும் சுற்றி மவுஸால் ஒரு பெட்டி வரைந்து, இது ஆள், இது ஆட்டோ, இது மாடு என்று பெயர் கொடுக்க வேண்டும். அதைப் பார்த்துப் பார்த்து எங்கோ ஓர் இயந்திரம் கற்றுக்கொள்ளும். வேலை முடிந்து தெருவில் இறங்கினால் போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லோரையும் சுற்றி ஒரு பெட்டி மிதக்கிற மாதிரி இருக்கும். உடம்பு வலிக்காத, ஆனால் தூங்கினாலும் தீராத ஓர் அசதி அது. என் அப்பா சித்தாள் வேலையிலிருந்து வந்து சுவரில் சாய்வதைப் பார்த்து வளர்ந்தவன் நான். ஏ.சி. அறையில் உட்கார்ந்து செய்கிற வேலையில் இப்படி அசந்துபோவதை வீட்டில் சொல்லவே எனக்குக் கூச்சமாக இருந்தது.

மேடம் எங்கள் டீம் லீடர். முப்பதைத் தாண்டியிருப்பார். அவர் அப்பா மத்திய அரசில் செக்ஷன் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர். சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்து, அந்தக் குவார்ட்டர்ஸை இடித்தபோது ஆர்.கே.புரத்துக்கு மாறிய குடும்பம். திருநெல்வேலிப் பக்கத்து ஆட்கள். 'சொல்லுதேன்', 'வாரேன்' என்று பேசுவார். நடுநடுவே 'அதாவது' என்பதற்குப் பதில் இந்தி 'மத்லப்' வந்து விழும். தமிழ் படிக்க வராது. நான் எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன், அதிலும் தமிழ்ப் பள்ளிக்கூடம். அதனால் அவருடன் தமிழ் பேசும்போது எனக்கு வார்த்தைகள் பாடப்புத்தகத்தில் இருப்பது போலவே வெளியே வரும். "ஏ தம்பி, நியூஸ் வாசிக்காத, பேசு," என்பார். மேசையில் இந்திதான் ஓடும். கோபமோ குறும்போ வந்தால் எங்கள் இருவருக்கும் தமிழ்.

எங்கள் வீடு ஒரு நாலாவின், அதாவது பெரிய சாக்கடைக் கால்வாயின், கரையில் இருந்த ஜுக்கி, குடிசை. கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பங்கள் அங்கே நிறைய. என் அப்பா கொண்டுவந்து சேர்த்த செங்கல்லும், பாதி சிமெண்டும், மேலே தகரமும். அதை எப்போது வேண்டுமானாலும் எடுத்துவிடுவார்கள் என்பது எனக்கு நடக்கக் கற்றுக்கொண்ட காலத்திலிருந்தே தெரியும். அம்மா வேலை செய்யும் வீடுகள் எல்லாம் நடந்துபோகிற தூரத்தில் இருந்தன. அந்த ஜுக்கி போனால் அந்த வீடுகளும் போகும். எங்கள் குடும்பம் தில்லியில் நின்றுகொண்டிருந்தது அந்த ஒற்றை அறையின் மேல்தான்.

விதிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெளிநாட்டுப் புத்தகத்தில் ஒரு முக்கியமான விதி: உடம்பில் இயந்திரம் பூட்டப் பூட்ட மனிதத்தன்மை குறையும், அது தீர்ந்துவிட்டால் அந்தப் பாத்திரம் வெறி பிடித்துக் கதையை விட்டே போய்விடும். மேடம் இதை விளக்கியதும் பையா கையை உயர்த்தினார். அவருடைய அண்ணன் சாரத்திலிருந்து விழுந்து தொடையில் கம்பி வைத்திருந்தார்கள். "ராடு போட்டா மனுஷத்தனம் குறையுமா மேடம்? எங்க வீட்டுலயே அவர் ஒருத்தர்தான் மனுஷன்," என்றார். மேடம் விதிப் புத்தகத்தை மூடி வைத்தார். பிறகு, "அப்ப எதுலப்பா குறையும்?" என்று எங்களையே கேட்டார். நான் யோசிக்காமல், "அசந்துபோனா," என்றேன். அசந்துபோன நாளில் அம்மா எங்கள் யாருடைய முகத்தையும் பார்க்க மாட்டாள் என்று சொன்னேன். அன்றோடு மனிதத்தன்மைப் புள்ளிகள் போய், அசதி வந்தது.

ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணி. கதையில் ஓடினால், பொய் சொன்னால், வரிசையில் நின்றால், பயந்தால் ஒரு சட்டைப் பொத்தான் அதில் விழும். கீழே கடைகளில் கிடைத்த பொத்தான்கள். கிண்ணி நிறைந்துவிட்டால் அந்தப் பாத்திரத்துக்கு யாரும் பொருட்டில்லை. சொந்தத் தங்கை கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்காது. இதில் மேடம் சேர்த்த ஒரு திருகல், தன் கிண்ணியிலிருந்து தானே பொத்தானை எடுக்க முடியாது என்பது. இன்னொரு பாத்திரம் வந்து பக்கத்தில் எதுவும் செய்யாமல் ஒரு சுற்று சும்மா உட்கார வேண்டும். அப்போது ஒன்றைத் தன் கிண்ணிக்கு எடுத்துக்கொள்ளலாம். துரத்துகிறவன் பின்னால் வரும்போது எவன் சும்மா உட்காருவான்? ஆனால் நாங்கள் உட்கார்ந்தோம். கதை நகரவே நகராது. "இது கேமா, ஆஸ்பத்திரி வெயிட்டிங் ஹாலா?" என்று ரோத்தக்காரி கத்துவாள். அவள்தான் மற்றவர்களைவிட அதிகமாகப் பிறர் பொத்தான்களைத் தன் கிண்ணியில் அள்ளிப் போட்டுக்கொள்வாள்.

ஊரையும் நாங்கள்தான் கட்டினோம். அந்த வருங்காலத் தில்லியில் சரோஜினி நகர் சந்தையில் ஏற்றுமதியில் கழித்துவிட்ட கண்களும் கைகளும் லேபிளைக் கத்தரித்துக் குவியலாக விற்கப்பட்டன. பேரம் பேசாமல் யாரும் கண் வாங்குவதில்லை. ஆர்.கே.புரம் மலைக்கோயில் மேட்டில் மட்டும் எந்த அலைவரிசையும் எட்டாது. ஒளிந்துகொள்ள வேண்டியவர்கள் அங்கே போய்ப் பிரசாத வரிசையில் நின்றுகொள்வார்கள். ஊரெல்லாம் கேமரா. ஒவ்வொரு கேமராவும் ஆளைச் சுற்றி ஒரு பெட்டி வரைந்து பெயர் கொடுக்கும். அந்தப் பெயரைப் பொறுத்துத்தான் கதவு திறக்கும். ரோத்தக்காரி தன் பாத்திரத்தின் பெயரை இயந்திரத்துக்குள் 'மாடு' என்று மாற்றிவைத்துவிட்டாள். அதற்குப் பிறகு ரிங் ரோட்டில் அவளுக்காக எல்லா வண்டிகளும் நின்றன. எந்தக் காவலாளியும் அவளைத் தடுக்கத் துணியவில்லை.

தூணடி நான் செய்த ஊர். மெட்ரோ பாதைக்கு அடியில், தூணுக்கும் தூணுக்கும் இடையில் தகரம் கட்டிக் குடியிருப்பவர்களின் ஊர். அதைத் தமிழில் எழுதிக்கொண்டு போய் மேடமுக்கு வாசித்துக் காட்டினேன். எந்தத் தூணுக்கடியில் டீக்கடை, எங்கே தண்ணீர் லாரி நிற்கும், லாரி வந்தால் யார் யாரோடு சண்டை போடுவார்கள், மேலே ரயில் போகும்போது பேச்சை எப்படி நிறுத்தி எப்படித் தொடர்வார்கள் என்றெல்லாம். சைபர்பங்க் என்று சொல்ல அதில் ஒன்றுமே இல்லை என்று எனக்குப் பயம். மேடம் கேட்டது ஒரே கேள்வி: "லாரி வராத அன்னைக்கு என்ன செய்வாங்க?" அதற்குப் பதில் சொல்ல ஒரு மதியம் ஆயிற்று. அதன் பிறகு எல்லாக் கதைகளும் தூணடியில் வந்து முடிய ஆரம்பித்தன. பையாவின் பாத்திரம் அங்கே ஒரு டீக்கடை போட்டுவிட்டது. துப்பாக்கியை என்ன செய்தார் என்று யாரும் கேட்கவில்லை.

ஜுக்கிகளைக் காலி செய்யச் சொல்லும் நோட்டீஸ் வந்தது அதற்கப்புறம். குழாயடிச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். ஏற்கெனவே சர்வேக்காரர்கள் வந்து கதவுகளில் பெயிண்டால் எண் எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். மாற்று வீடு கிடைப்பவர்களின் பட்டியலில் எங்கள் பெயர் இருந்தது. தில்லியின் வடக்கு விளிம்பில், வயல்கள் தொடங்கும் இடத்தில் ஒரு ஃபிளாட். பக்கத்து வீட்டு அத்தை குடும்பத்தின் பெயர் இல்லை. சர்வே வந்த வாரம் அவர்கள் ஊரில் ஒரு சாவுக்குப் போயிருந்தார்கள். வீடு பூட்டிக் கிடந்தது. பூட்டிய கதவுக்கு யாரும் எண் எழுதவில்லை.

அந்த நேரத்தில் எங்கள் கதை எங்கே இருந்தது என்றால், தூணடியை இடிக்கக் கம்பெனியின் ராட்சத வண்டிகள் வந்துகொண்டிருந்தன. மேடம் அதை வேண்டுமென்று செய்யவில்லை. நோட்டீசுக்கு முன்பே கிளப்பிவிட்ட வண்டிகள் அவை. நான் வீட்டு விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது. "இந்தக் கதைய விட்டுருவோம்பா. வேற ஏதாச்சும் ஆடுவோம்," என்றார். வேண்டாம், ஆடுவோம் என்றேன். என்ன எதிர்பார்த்தேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை.

பையா தயாராக வந்திருந்தார். வண்டிகளின் கண்களை ஏமாற்றிவிடலாம். தூணடியின் கூரைகளுக்கெல்லாம் 'மரம்' என்று பெயர் கொடுத்துவிட்டால் இயந்திரம் மரங்களைப் பார்த்துத் திரும்பிவிடும். நாள் முழுக்கப் பெயர் கொடுக்கிறவர்களுக்கு மட்டுமே தோன்றக்கூடிய திட்டம். மாடாகிவிட்ட ரோத்தக்காரி நிதானமாக நடந்து கம்பெனிக் கட்டடத்துக்குள் நுழைந்தாள். பகடை உருண்டது. ஆறு. பையா எழுந்து நின்றுவிட்டார். ரோத்தக்காரி என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். "பச் கயா, மதராஸி! உன் ஊரு பொழச்சுது!" பக்கத்து மேசைக்காரர்கள் கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

"வேணாம் மேடம்," என்றேன்.

"எது வேணாம்?"

"இப்படிப் பொழைக்க வேணாம்."

மேடமுக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. விழுந்த பகடையை மாற்ற மாட்டார். தனக்குப் பிடித்த பாத்திரங்களைக் கூடக் கண் கலங்கச் சாகவிட்டிருக்கிறார். "விழுந்தது விழுந்ததுதான்பா. எனக்குப் புரியாதுன்னு நெனைக்கியா? எங்க குவார்ட்டர்ஸையும்தான் இடிச்சாங்க. நான் வளந்த வீடு அது," என்றார், தமிழில்.

"உங்க வீட்டுக்கு லாரி அனுப்புனாங்க மேடம். எங்களுக்கு புல்டோசர் அனுப்பறாங்க."

"க்யா போலா?" என்று ரோத்தக்காரி பையாவைக் கேட்டாள். பையாவுக்கும் தமிழ் தெரியாது. ஆனாலும் இப்போது கேட்காதே என்பது போல அவளைப் பார்த்துத் தலையை ஆட்டினார். மேடம் பகடையை எடுத்துத் தன் டிபன் பாக்ஸுக்குள் போட்டு மூடினார். நான் அதுவரை அவர் அப்படிச் செய்து பார்த்ததில்லை. "அச்சா," என்றார். "பகடை இல்ல. நீயே சொல்லு. நாளைக்கு வண்டி வருது. இன்னைக்கு என்ன செய்யுத?"

"வீட்டைப் பிரிக்கறேன்."

"நீயேவா?"

"நாங்களேதான். அவங்க இடிச்சா எல்லாம் தூளாயிடும். நாங்க பிரிச்சா கதவு மிஞ்சும், தகரம் மிஞ்சும்."

"அச்சா. மொதல்ல எத எடுப்ப?"

சின்ன வயதில் நாலாவின் எதிர்க்கரையில் இடித்ததைப் பார்த்திருக்கிறேன். முன்கூட்டியே பிரித்துக்கொண்டவர்களுக்கும், கடைசிவரை நம்பிக்கொண்டு உள்ளே இருந்தவர்களுக்கும் என்ன ஆனது என்று தெரியும். அதனால் வரிசையாகச் சொல்ல வந்தது. முதலில் ஃபேன். மின்சாரம் இருக்கும்போதே கழற்ற வேண்டும், இருட்டில் கழற்றினால் இறக்கை வளைந்துவிடும். பிறகு பலகைகளும் ஆணிகளும். ஆணியை நேராக்கி டப்பாவில் போட வேண்டும். பிறகு தகரத்தின் மேல் இருக்கும் டயர்களை இறக்கித் தகரத்தை உருவ வேண்டும். கதவை நிலையோடு எடுக்க வேண்டும், தனியாக எடுத்தால் எங்கேயும் பொருந்தாது. மேடம் ஒவ்வொன்றுக்கும் "அப்புறம்?" என்றார். கதை சொல்கிறவர் கேட்கும் வழக்கமான 'அப்புறம்' இல்லை அது. மாமியார் வீட்டுக்குப் போகும் பெண்ணிடம் பெட்டியைச் சரிபார்க்கிற மாதிரி. நான் இந்திக்கு மாறிவிட்டேன் என்பதைக் கூடக் கவனிக்கவில்லை. பையா எப்போதோ உட்கார்ந்துவிட்டிருந்தார். பிறகு செங்கல், நாலு சுவரையும் மேலிருந்து ஒவ்வொன்றாக, என்று முடித்தேன். மேடம் வெறுமனே, "சரி," என்றார். அன்று யாருடைய கிண்ணியிலும் பொத்தான் விழவில்லை. வீடு போகப்போகிறது என்பதை வாய்விட்டு நான் சொன்னது அதுவே முதல் தடவை என்று மெட்ரோ படியில் இறங்கும்போதுதான் தோன்றியது. வீட்டில் நாங்கள் யாரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளாமலே இருந்தோம்.

பிரிக்கும் நாளன்று, காலையிலேயே பையா தன் சொந்தக்காரர் ஒருவரின் சின்ன லாரியோடு வந்துவிட்டார். பின்னால் மேடம், ஆட்டோவிலிருந்து இறங்கினார். இஸ்திரி போட்ட பருத்திக் குர்த்தா, தோளில் பை, மூக்குக் கண்ணாடி. அம்மா கையில் சுத்தியலோடு நிமிர்ந்து பார்த்தாள். "யாருடா இது, சர்வேவா? இன்னும் இன்னாத்த எழுதணுமாம்?"

"எங்க மேடம்மா."

"ஐயே, மேடமா! நாக்காலிகூட ஏத்தியாச்சே." அப்போதுதான் நிலையோடு பெயர்த்துக் கீழே கிடத்தியிருந்த கதவைக் காட்டினாள். "இந்தக் கதவு மேலயே குந்துமா. ஒண்ணும் ஆவாது, தேக்கு." தேக்கு இல்லை, அப்பா எங்கோ பழைய வீடு இடித்த இடத்திலிருந்து தூக்கி வந்த ஏதோ மரம். மேடம் கதவின் மேல் சப்பணமிட்டு உட்கார்ந்தார். அம்மா எங்கிருந்தோ டீ வரவழைத்தாள். எந்த ஊர் என்று விசாரித்தாள். திருநெல்வேலி என்றார் மேடம். எப்போதாவது போவீர்களா என்று கேட்டாள். சின்னப் பிள்ளையில் ஒரு கல்யாணத்துக்குப் போனது என்றார். "அப்ப நீயும் எங்கள மாதிரி டில்லிக்காரிதான்னு சொல்லு," என்று அம்மா சிரித்தாள். அந்த வாரத்தில் அவள் சிரித்தது அப்போதுதான். டீயைக் குடித்து முடித்ததும் மேடம் துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு எழுந்தார். ஆணிகளை நேராக்கும் வேலையை எடுத்துக்கொண்டார். கல்லின் மேல் ஆணியை வைத்து, விரலில் பட்டுவிடாமல் மெதுவாக, தட்டித் தட்டி, சாயங்காலம் வரை. "வேலையப் பாரு," என்று மட்டும்தான் என்னிடம் சொன்னார்.

மேசையில் சொன்ன வரிசையிலேயே எல்லாம் நடந்தது. ஃபேன், பலகை, டயர், தகரம், கதவு. ஓர் இடத்தில் மட்டும் தவறிவிட்டது. நாலு சுவர் என்று சொல்லியிருந்தேன். செங்கல்லுக்கு வரும்போதுதான் அப்பா, "அந்தப் பக்கம் கை வைக்காத," என்றார். எங்கள் வீட்டுக்குச் சொந்தமாக மூன்று சுவர்தான். நான்காவது பக்கத்து வீட்டு அத்தையோடு பொது. அவர்கள் பிரிக்கவில்லை. பெயர் இல்லாதவர்கள் பிரித்து எங்கே கொண்டுபோவது? சுவருக்கு அந்தப்புறம் அத்தை மதியச் சாப்பாட்டுக்கு எதையோ தாளித்துக்கொண்டிருந்தாள். கடுகு வெடிப்பது எங்களுக்குக் கேட்டது. அந்த வாசனை கூரையில்லாத எங்கள் அறைக்குள் வந்து, மேலே வெயிலுக்குள் போயிற்று. அந்தச் சுவரில் எங்கள் காலண்டர் தொங்கிய ஆணி ஒன்று இருந்தது. அதையும் பிடுங்காமல் விட்டோம். லாரி கிளம்பும்போது எங்கள் இடத்தில் நின்றது அந்த ஒரு சுவர்தான். மேடம் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "இத நீ சொல்லலியேப்பா," என்றார். "எனக்கே தெரியல மேடம்," என்றேன்.

இப்போது நாங்கள் இருப்பது நாலாவது மாடி. தண்ணீர் குழாயில் வருகிறது, சில நாள். லிஃப்ட்டுக்கு இடம் விட்டிருக்கிறார்கள். அம்மா பழைய வீடுகளில் ஒன்றை மட்டும் விடாமல் வைத்திருக்கிறாள். அந்த ஒரு வீட்டுக்காக விடிவதற்குள் கிளம்பிப் பஸ்ஸிலும் மெட்ரோவிலுமாகப் போய் வருகிறாள். மற்ற வீடுகளில் புது ஆள் வைத்துவிட்டார்கள். அத்தை குடும்பம் ஊருக்குப் போய்விட்டதாகச் சொல்கிறார்கள். ஃபோன் எண் மாறிவிட்டது. கரோல் பாக் அலுவலகமும் இல்லை. நாங்கள் பெட்டி வரைந்து கற்றுக்கொடுத்த இயந்திரம் தானே வரைந்துகொள்ளும் அளவுக்குத் தேறிவிட்டது என்று சொல்லி எங்களைக் கலைத்தார்கள். பையா ஒரு கிடங்கில் இருக்கிறார். ரோத்தக்காரிக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. பண்டிகைக்குப் பண்டிகை மாட்டுப் படம் அனுப்புகிறாள். மேடம் புனேயில் வேலை கிடைத்துப் போனார். நான் நகரத்தின் இன்னொரு மூலையில் ஒரு வேலையில் இருக்கிறேன். என் நாளில் பாதி போக்குவரத்தில் போய்விடுகிறது. நின்றுகொண்டே தூங்கக் கற்றுக்கொண்டேன்.

மேடமை நினைத்தால் நன்றி என்று ஒரு சொல்லில் அடக்க முடியவில்லை. அவரால் எங்கள் வீட்டைக் காப்பாற்ற முடிந்திருக்காது. அவரும் அப்படி நடிக்கவில்லை. அவர் அப்பாவுக்குத் தெரிந்த அதிகாரிகள் இருந்திருப்பார்கள். கேட்டுப் பார்த்தாரா, கேட்டும் ஒன்றும் நடக்கவில்லையா, நான் விசாரித்ததில்லை. எங்களுக்குள் அந்த லாரிக்கும் புல்டோசருக்கும் உள்ள தூரம் கடைசிவரை அப்படியேதான் இருந்தது. ஆனால் நான் செய்த ஊரை அவர் ஒருநாளும் வேடிக்கையாகப் பார்த்ததில்லை. அந்த ஊரில் தண்ணீர் வராத நாளைப் பற்றிக் கேட்ட ஒரே ஆள் அவர்தான்.

போன வாரம் வேலை முடிந்து ரயிலில் நின்றுகொண்டிருந்தேன். மேடமிடமிருந்து குரல் செய்தி வந்தது. பின்னணியில் பல பேர் சிரிக்கும் சத்தம். "எப்படி இருக்கப்பா? அம்மா சௌக்கியமா? கேளு, இங்க நல்ல ஒரு செட் சேந்துருக்கு. எல்லாம் சின்னப் பசங்க, சைபர்பங்க்னா உயிர். தூணடியப் பத்திச் சொன்னேன், எல்லாரும் அதுதான் வேணுங்காங்க. அந்த ஊரு சும்மாதானே கெடக்கு. இங்க எடுத்துக்கிடட்டுமா? உன்னக் கேக்காம எப்படின்னுதான்..."

இரண்டு தடவை கேட்டேன். ஜன்னலுக்கு வெளியே வீடுகள் தீர்ந்து வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. என்னைச் சுற்றி எல்லோரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார்கள். சரி என்று சொல்லிவிடத்தான் நினைத்தேன். மேடம் தனக்கென்று கேட்டு நான் எதையும் மறுத்ததில்லை. புதுப் பையன்கள் வருவார்கள், பகடை உருட்டுவார்கள், டீக்கடையை உடைத்துவிட்டுச் சிரிப்பார்கள். அதில் தப்பு ஒன்றும் இல்லை, விளையாட்டுதான். ஃபோனை வாய்ப்பக்கம் கொண்டுபோனபோது வேறு வார்த்தைகள் வந்தன.

"இல்ல மேடம். அது காலியா இல்ல. ஆளுங்க குடியிருக்காங்க. நீங்க வேற எடம் பாத்துக்குங்க."

அனுப்பிவிட்டு ஃபோனைச் சட்டைப் பைக்குள் போட்டேன். எங்கள் குடும்பத்தில் யாரும் யாரிடமும் இதுவரை அப்படிச் சொன்னதில்லை. இரண்டு ஸ்டேஷன் போயிற்று. பதில் வந்தது. இந்தத் தடவை பின்னால் சிரிப்புச் சத்தம் இல்லை. அறையை விட்டு வெளியே வந்து பேசியிருப்பார் போல.

"சரிப்பா," என்றார். "நாங்க தொடல."